சோரானி குர்திஷ்: வீடு, அறை, வாடகைச் சொற்களை எங்கிருந்து தொடங்குவது?

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கமிருந்து நாலு பேர் ஈராக் குர்திஸ்தானில் சுலைமானிக்குப் போகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் பிளம்பிங், எலக்ட்ரிக்கல் பராமரிப்பு வேலை. கம்பெனிக்குள் ஆங்கிலம் போதும். ஆனால் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் உள்ளே இருக்கும் பெரியவர்களிடம் குர்திஷில்தான் பேசியாக வேண்டும். அவர்களுக்காக வீடு சம்பந்தப்பட்ட சொற்களை ஒரு தாளில் தொகுத்துக்கொண்டிருக்கிறேன்.

கிடைக்கிற பட்டியல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 'என் வீடு' ஒன்றில் 'மாலா மின்', இன்னொன்றில் 'மாளிம்'. வீட்டுக்கே மாள், கானூ என்று இரண்டு சொல். சமையலறைக்கு மூன்று. அறைக்கான சொல்லை ஆங்கிலத்தில் இசட், எச் போட்டு எழுதியிருப்பதால் எல்லாரும் 'ழூர்' என்று படிக்கிறார்கள். தமிழில் எழுதி வைத்தாலோ எது மெல்லிய க, எது கனத்த க என்று பிரியவில்லை. எதை முதலில் எடுப்பது, எதை விடுவது? அங்கே போய் வாடகை வீடும் தேட வேண்டியிருக்கும்.

குடமுருட்டி:
முதலில் பட்டியலைச் சலித்துவிடுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். 'மாலா மின்' வடக்குக் குர்திஷ், அதாவது குர்மாஞ்சி. துருக்கி, சிரியா, ஈராக்கில் தோஹுக் பக்கம் பேசுவது. சுலைமானி, எர்பில், ஹலப்ஜா, ஈரான் பக்கம் சனந்தஜ், மஹாபாத் எல்லாம் நடுக் குர்திஷ், அதாவது சோரானி. குர்மாஞ்சியில் பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால், பெண்பால் உண்டு. 'மாலா'வில் இருக்கும் கடைசி ஆ பெண்பாலுக்கானது. சோரானியில் பால் வேறுபாடே கிடையாது. ஆகவே 'மாலா', 'மின்' என்று தனித்தனியாக வரும் பட்டியலை அப்படியே ஓரமாக வைத்துவிடலாம். கூகுள் மொழிபெயர்ப்பில் சோரானி 2022-ல்தான் வந்தது. குர்மாஞ்சி அதற்கு முன்பே இருந்தது. மெனுவில் எது தேர்வாகியிருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

எழுதும் முறைக்கு நம்மிடம் பழைய வழி இருக்கிறது. ஸ்லோகப் புத்தகங்களில் க³, த³, ப³ என்று மேலே 3 போட்டு அச்சடிப்பார்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். 3 இருந்தால் கனத்த ஒலி, இல்லாவிட்டால் சொல்லின் நடுவிலும் வல்லினம்தான். ச எங்கே வந்தாலும் 'ச்ச'வில் வரும் ச. சகரம் மெலிந்து ஒலிக்கும் இடத்துக்கு ஸ. தொண்டையில் உரசி வரும் ஒலிக்கு ஃக, 'ஜீரோ'வை ஆங்கிலத்தில் சொல்லும்போது வரும் முதல் ஒலிக்கு ஃஸ, அந்தப் பாழாய்ப்போன இசட்-எச்சுக்கு ஃஜ.

அந்த ஃஜ-வில் ழகரம் துளிகூட இல்லை. 'ஷ' சொல்லும் இடத்திலேயே நாக்கை வைத்துக்கொண்டு தொண்டையை அதிரவிட்டால் வந்துவிடும். கழுத்தில் விரல் வைத்துப் பாருங்கள்: ஷ-வுக்கு அதிராது, ஃஜ-வுக்கு அதிரும். ஃஜூர் என்றால் அறை. 'ழூர்' என்று சொன்னால் அங்கே யாருக்கும் புரியாது.

ல, ள இரண்டும் அங்கே உண்டு, ர, ற இரண்டும் உண்டு என்பதால் நமக்குச் சுலபம் என்று நினைக்கத் தோன்றும். அரைவாசிதான் உண்மை. அவர்களுடைய ள-வுக்கு நாக்கை மடிக்கக் கூடாது. நுனி பல்லடியில் இருக்க, நாக்கின் பின்பகுதி மேலே எழ வேண்டும். ற-வை உருட்டிச் சொல்ல வேண்டும். சொல்லின் தொடக்கத்தில் வரும் ர எப்போதுமே உருளும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கிரே என்றால் வாடகை, கிறீன் என்றால் விலைக்கு வாங்குதல். ரகரத்தைக் குழப்பினால் வீட்டைக் குடியிருக்கக் கேட்கிறீர்களா, வாங்கக் கேட்கிறீர்களா என்று எதிராளி திகைப்பார். போதாததற்கு நம் ஊர் 'கிரயம்' வேறு நடுவில் வந்து நிற்கும். கிரயப் பத்திரம் நினைவில் கிரே-யை விற்பனை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

முத்துப்பேட்டை அலை:
குடமுருட்டி அண்ணன் ஒலியைச் சொல்லிவிட்டார், நான் சொற்களுக்கு வருகிறேன்.

மாள் என்பது குடும்பம் வாழும் வீடு, ஃகானூ என்பது கட்டடம். வாங்குவது, விற்பது, வாடகைக்கு விடுவது எல்லாம் ஃகானூ. 'வீட்டில் இருக்கிறேன்' என்பது ல மாளவம். 'வீட்டுக்குத் திரும்பிப் போகிறேன்' என்பது த³ச்மவ போ³ மாளவ. அந்த 'மாளவ'வைப் பிரித்துப் படிக்காமல் ஒரே துண்டாக மனதில் போட்டுக்கொள்வது நல்லது. அடுக்குமாடி வீட்டுக்கு ஈராக் பக்கம் ஷுக, ஈரான் பக்கம் அபார்த்மான்.

சமையலறைக்கு மூன்று சொல் இருப்பது எல்லைக்கோட்டால் வந்த வினை. மத்ப³ஃக் அரபியிலிருந்து வந்தது, ஈராக் பக்கம் பேச்சில் கேட்பது. ஆஷ்பஃஸ்ஃகான பாரசீகம், ஈரான் பக்கம். சேஷ்த்ஃகான இரண்டு பக்கமும் புரிகிற, கொஞ்சம் ஏட்டு வாசனை உள்ள சொல். சுலைமானிக்குப் போகிறவர்கள் முதலாவதைப் பேசவும் மூன்றாவதைப் படிக்கவும் தெரிந்துகொண்டால் போதும். இதே பிளவு ஃபிரிட்ஜிலும் உண்டு: ஈராக்கில் ஸலாஜ, ஈரானில் யஃக்சாள். மின்சாரமும் அப்படித்தான்: ஈராக்கில் காரபா³, ஈரானில் ப³ர்க். நீங்கள் ஈராக் வரிசையை மட்டும் தாளில் ஏற்றுங்கள். இரண்டையும் கலந்தால் எதுவும் நிற்காது.

சில சொற்கள் நம் பக்கத்து ஆட்களுக்குப் படிக்காமலே வரும். கதவு த³ர்கா³: நாகூர் தர்காவில் இருக்கும் அதே பாரசீகச் சொல்தான், வாசல், நுழைவு என்ற பொருளில் கிளம்பியது. குளியலறை ஹமாம், சோப்புப் பெயராக நமக்குத் தெரியும். திரைச்சீலை பர்த³. நிலவறை ஃஜேர்ஃஸமீன், ஜமீனுக்குக் கீழே. தண்ணீர் ஆவ், பஞ்சாபில் இருக்கும் 'ஆப்' அங்கே வகரமாகிவிட்டது. கழிப்பறை ஆவ்த³ஸ்த், இல்லாவிட்டால் தவாலேத். சுவர் தீ³வார், ஜன்னல் பன்ஜர, சாவி கிலீல், படிக்கட்டு ப்லீகான, மாடித்தளம் நிஹோம்.

கூடம், முற்றம், திண்ணை, கொல்லை என்று நம் வீட்டு வரைபடத்தை அப்படியே பொருத்தினால் இடிக்கும். ஹவ்ஷ என்பதற்கு எல்லா அகராதியிலும் முற்றம் என்றுதான் இருக்கும். பழைய வீடுகளில் அது சரி. இப்போது கட்டுகிற தனிவீடுகளில் ஹவ்ஷ என்பது பெரும்பாலும் காம்பவுண்டுச் சுவருக்குள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் திறந்த இடம், கார் நிறுத்துவதும் அங்கேதான். ஹைவான் ஒரு பக்கம் திறந்த தாழ்வாரம், திண்ணைக்குக் கிட்டே வருகிறது. ஸர்பா³ன் என்றால் ஓட்டுக்கூரை அல்ல, நம் மொட்டைமாடிதான். கோடையில் அங்கே படுக்கும் வழக்கம் உண்டு. தண்ணீர்த் தொட்டியும் அங்கேதான் இருக்கும், அதற்குப் பெயர் தான்கீ. பந்தலுக்குக்கூடச் சொல் உண்டு: கபர், இலைதழை வேய்ந்தது.

நம் வீடுகளில் இல்லாத பொருள்களையும் தாளில் சேர்க்க வேண்டும், அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சுலைமானியில் குளிர்காலத்தில் பனி பெய்யும். ஸோபா என்று காதில் விழுந்தால் சோபா செட் என்று எண்ண வேண்டாம், அது அறையைச் சூடாக்கும் அடுப்பு. அதற்கு ஊற்றும் மண்ணெண்ணெய் நவ்த். போர்வை பதூ, பஞ்சு வைத்துத் தைத்த கனமான ரஜாய் லேஃப, மெத்தை தோ³ஷக், தலையணை ஸரீன். தரைக் கம்பளம் ஃபர்ஷ். அதன் மேல் சாப்பாட்டுக்கு விரிக்கும் துணி ஸிஃப்ர, அதை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும். ஃபர்ஷ் விரித்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கருவிப்பெட்டியை அதன் மேல் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

திண்ணைப்பள்ளி:
சொற்களை மட்டும் அடுக்கிக்கொண்டு போனால் வாக்கியத்தில் காதுக்குப் பிடிபடாது. காரணம், சோரானியில் பெயர்ச்சொல் வெறுமையாக வருவதே குறைவு. பின்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டுதான் வரும். மூன்று ஒட்டுகளைச் சொற்களோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும்.

'அந்த, நாம் பேசிக்கொண்டிருக்கிற' என்ற பொருளுக்கு 'அக' ஒட்டும்: ஃஜூர் என்பது ஃஜூரக ஆகும். சொல் ஆவில் முடிந்தால் முதல் அ விழுந்துவிடும்: த³ர்கா³, த³ர்கா³க. பன்ஜரவும் அப்படியே பன்ஜரக. ஊவில் முடிந்தால் வகரம் நடுவில் வரும்: ஃகானூ, ஃகானுவக. ஈ, ஏ என்றால் யகரம்: குர்ஸீ, குர்ஸியக, கிரே, கிரேயக. நம் உடம்படுமெய் மாதிரியேதான், தனியாக விதி படிக்க வேண்டாம். 'ஏதோ ஒரு' என்றால் 'ஏக்': ஃஜூரேக். பன்மைக்கு 'அகான்': ஃஜூரகான். எண் வந்தால் பன்மை வேண்டாம்: ஸே ஃஜூர், மூணு ரூம்.

இரண்டு சொல் சேரும்போது நடுவில் ஈ வரும். ஃஜூரீ நூஸ்தின் படுக்கையறை, ஃஜூரீ தா³னீஷ்தின் உட்காரும் அறை, ஃஜூரீ மீவான் விருந்தாளி அறை. பண்புச்சொல்லுக்கும் அதே ஈ: ஃகானூய் க³வ்ர, பெரிய வீடு. இங்கேதான் எல்லாரும் சறுக்குவது: 'அந்தப் பெரிய வீடு' என்று குறிப்பிட்டுச் சொல்லும்போது ஈ போய் அ வரும், 'அக' கடைசிச் சொல்லில் ஒட்டும். மாள் என்பதை வைத்துப் பாருங்கள்: மாளேகீ க³வ்ர என்றால் ஒரு பெரிய வீடு, மாள க³வ்ரக என்றால் அந்தப் பெரிய வீடு. 'மாளகீ க³வ்ர' என்பது பிழை.

என்னுடைய, உன்னுடைய என்பதற்கு இம், இத், ஈ. எங்கள், உங்கள், அவர்கள் என்பதற்கு மான், தான், யான். மாளிம், மாளித், மாளீ, மாள்மான், மாள்தான், மாள்யான். 'இருக்கிறது' என்பதற்கு ஹய, 'இல்லை'க்கு நிய. வீட்டுக்கு மூணு ரூம் இருக்கு என்பது ஃகானுவக ஸே ஃஜூரீ ஹய. நாம் 'வீட்டுக்கு' என்று நான்காம் வேற்றுமை போடும் இடத்தில் அவர்கள் அறையின் வாலில் ஈ போடுகிறார்கள். அந்த ஈ விட்டுப்போனால் வாக்கியம் நொண்டும்.

'உள்ளே, இல்' என்பதற்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று: ல ஃஜூரகதா³, அந்த அறையில். மேலே லஸர், கீழே லஃஜேர், பின்னால் லபிஷ்த்.

அரபி எழுத்தையும் படித்துவிடுங்கள் என்பது என் கட்சி. உருது, அரபி மாதிரி உயிரொலியை ஊகிக்க வேண்டியதில்லை, சோரானியில் உயிரெழுத்து எல்லாம் எழுதியே காட்டுவார்கள். குறில் இ ஒன்றுதான் எழுத்தில் வராது. மதரஸாவில் ஓதியவர்கள் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சமே. அதிலும் ஏ, ஓ, ள மூன்றும் தலையில் ஒரு சின்னக் கவட்டைக்குறி போட்டவை, ற-வுக்கு அதே குறி காலடியில். அரபுத்தமிழில் ஊருக்கேற்பப் புள்ளி கூட்டி எழுதியவர்கள் நாம், இது பழகாதா? ஒரே எச்சரிக்கை: போனில் அரபி விசைப்பலகை வைத்துத் தட்டாதீர்கள், நடுக் குர்திஷ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். குர்திஷில் அ-வுக்கான எழுத்தும் ஹ-வுக்கான எழுத்தும் சொல்லின் முடிவில் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், கணினிக்கு வேறு வேறு. க, ய இரண்டிலும் அரபி வடிவம் வேறு. மாற்றித் தட்டினால் அகராதியில் 'சொல் இல்லை' என்று வரும்.

வெண்ணாற்றங்கரை:
மிக்க நன்றி, திண்ணைப்பள்ளி ஐயா. எழுத்தை அடுத்த தாளில் வைத்துக்கொள்கிறேன், இவர்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை. இன்னும் இரண்டு: பழுது பார்க்கும்போது காதில் விழக்கூடிய வாக்கியங்கள், அப்புறம் வாடகை பேசுவது.

குடமுருட்டி:
பழுது வாக்கியங்கள் குட்டியானவைதான். ஆவ் நிய, தண்ணீர் வரவில்லை. காரபா³ நிய, கரன்ட் இல்லை. த³ர்கா³க நாக்ரேதவ, கதவு திறக்க மாட்டேன் என்கிறது. கிலீலக கார் நாகா, சாவி வேலை செய்யவில்லை. 'கார் நாகா'வை எந்தப் பொருளுக்குப் பின்னாலும் போடலாம், ஸலாஜக கார் நாகா என்பது போல. ஸர்பா³னக தி³ளோப த³கா, மாடி ஒழுகுகிறது. கதவைத் திற என்பது த³ர்கா³க பி³கரவ, கதவை மூடு என்பது த³ர்கா³க தா³பி³ஃக. பைப் போ³றீ, சாக்கடை ஃஸேராப்³, பல்பு க்³ளோப், ஒயர் வாயர். வெந்நீர் ஆவீ க³ர்ம், குளிர்ந்த நீர் ஆவீ ஸார்த்³.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஏட்டில் 'த³' என்று தொடங்கும் வினைகள் சுலைமானிப் பேச்சில் வெறும் 'அ' ஆகிவிடும். த³கா என்று எழுதியிருப்பது அகா என்று கேட்கும், த³ச்சிம் (போகிறேன்) அச்சிம் ஆகும். எர்பில் ஆட்கள் த³-வைச் சொல்வார்கள், ஆனால் அவர்கள் வாயில் ள ரகரமாகிவிடும்: மாள் என்பது மார். ஒலிப்பதிவு கேட்டுப் பழகும்போது பேசுகிறவர் எந்த ஊர் என்று பார்க்காவிட்டால் தாளில் இருப்பது தப்போ என்று சந்தேகம் வந்துவிடும். எர்பிலுக்கே குர்திஷில் ஹவ்லேர் என்றுதான் பெயர், பேருந்துப் பலகையில் தேடும்போது உதவும்.

கதவைத் திறந்தவர் 'ஃபர்மூ, வர ஃஜூரவ' என்பார். வர என்றால் வா. நம் காதுக்குத் தானாகவே பொருந்துகிற சொல். ஃஜூரவ என்றால் உள்ளே. வெளியே என்பது த³ரவ, மேலே ஸரவ, கீழே ஃக்வாரவ. பெரியவர்களை நீங்கள் கூப்பிடும்போது 'வர' போதாது, 'வரின்' என்று பன்மையில் சொல்லுங்கள், வாங்க என்கிற மரியாதை அதில் இருக்கிறது.

முத்துப்பேட்டை அலை:
வாடகைக்கு வருகிறேன். வீட்டுத் தரகு அலுவலகப் பலகையில் நூஸீன்க³ய் ஃகானூப³ர என்று இருக்கும். வீட்டுக்காரர் ஃகாவன் மாள், குடியிருப்பவர் கிரேசீ, ஒப்பந்தம் கி³ரேப³ஸ்த், முன்பணம் பேஷகீ. தெரு கோளான், பேட்டை க³றக், பக்கத்து வீட்டுக்காரர் தி³ராவ்ஸே.

கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கிரேய் அம் ஃகானுவ மான்கீ³ சந்த³? இந்த வீட்டு வாடகை மாசம் எவ்வளவு? சந்த்³ ஃஜூரீ ஹய? எத்தனை அறை? ஆவ் ஊ காரபா³ லஸர் கேய? தண்ணீர், கரன்ட் செலவு யார் தலையில்? கடைசிக் கேள்வியை எழுத்தில் ஏற்றாமல் கையெழுத்துப் போட வேண்டாம். ஏனென்றால் கரன்ட் அங்கே பல வருஷமாக இரண்டு வழியில் வந்திருக்கிறது: அரசு லைன் ஒன்று, பேட்டை ஜெனரேட்டர் ஒன்று. ஜெனரேட்டருக்கு மோலீத³ என்று பெயர், அதற்கு யூனிட் கணக்கு கிடையாது, எத்தனை ஆம்பியர் எடுத்திருக்கிறீர்களோ அதற்கு மாதக் கட்டணம். 2024-ல் அரசு ரூனாகீ (வெளிச்சம் என்று பொருள்) என்ற 24 மணி நேர மின்சாரத் திட்டத்தைத் தொடங்கி ஜெனரேட்டர்களைப் பகுதி பகுதியாக நிறுத்தி வருகிறது. ஆகவே வீடு பார்க்கும்போது அந்தப் பேட்டையில் மோலீத³ இன்னும் ஓடுகிறதா என்று கேட்டு, ஓடினால் 'சந்த்³ அம்பேரீ ஹய?' என்றும் கேளுங்கள். சில ஆம்பியரில் விளக்கும் ஃபேனும் ஓடும், ஏசி போட்டால் விழுந்துவிடும். எலக்ட்ரீஷியன்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

தொகை டாலரில் பேசினால் 'வரக' என்ற சொல் வரும். தாள் என்பதுதான் நேர்ப்பொருள், ஆனால் பேச்சில் 100 டாலர். 'தஃப்தர்' என்றால் (முதல் எழுத்து த³) 10,000 டாலர், அது வீடு விற்பவர்கள் பேச்சு. இடத்தின் அளவை வெறும் 'மத்ர்' என்றுதான் சொல்வார்கள், சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ள வேண்டும். 200 மத்ர் இடம் என்றால் சுமார் 2,153 சதுர அடி, 5 சென்டுக்கு ஒரு பிடி குறைவு, நம் தஞ்சாவூர்க் குழிக்கணக்கில் 15 குழி.

ஈரான் பக்கம் யாராவது போனால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: அங்கே 'ரஹ்ன்' என்று ஒரு முறை உண்டு. பெரிய தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையைக் குறைத்தோ அறவே இல்லாமலோ குடியிருந்து, காலி செய்யும்போது தொகையைத் திருப்பி வாங்கிக்கொள்வது. நம் ஒத்திதான். சுலைமானிக்கு இது தேவைப்படாது.

திண்ணைப்பள்ளி:
தாளை அச்சடிக்கும் முன் ஒரு யோசனை, தம்பி. அறை வாரியாகப் பிரித்து எழுதாமல், ஒவ்வொரு சொல்லையும் 'அக' ஒட்டிய வடிவத்தோடு ஜோடியாக, அதற்கு எதிரே ஒரு பழுது வாக்கியத்தோடு போடுங்கள். த³ர்கா³, த³ர்கா³க, த³ர்கா³க நாக்ரேதவ. அவர்கள் காதில் விழப்போவது மூன்றாவது வடிவம்தான். முதலாவதை மட்டும் படித்தவருக்கு அதற்குள் கதவு இருப்பதே தெரியாது. இங்கே இருக்கும்போதே வீட்டுப் பொருள்களில் சீட்டு ஒட்டிப் பழகுவதானால், கதவில் த³ர்கா³ என்று ஒட்டாமல் 'த³ர்கா³க தா³பி³ஃக' என்றே ஒட்டச் சொல்லுங்கள். ஸோபா, லேஃப போன்ற இல்லாத பொருளுக்குப் படம் போட்ட அட்டை.

வெண்ணாற்றங்கரை:
சரிங்க ஐயா, அப்படியே மாற்றுகிறேன். அலை அண்ணே, கபரையும் தன்தூரையும் எடுத்துவிடட்டுமா, இடம் போதவில்லை?

முத்துப்பேட்டை அலை:
கபரை எடுத்துவிடலாம். தன்தூர் என்று நான் எழுதவில்லையே. சோரானியில் அது தனூர், ரொட்டி சுடும் அடுப்பு. அடுக்குமாடியில் இருக்காது, அதுவும் வேண்டாம். அந்த இடத்தில் ஃஸேராப்³, தான்கீ இரண்டையும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.